புதன்கிழமை யார் ஜெபிப்பது?

அந்தச் சபையில் ஜெபம் என்றால் டிரைவர்தான். பாட்டுக்கு ஆள் இருந்தது, பிரசங்கத்துக்குப் பாஸ்டர் இருந்தார். நாற்காலி போட, கூட்டிப் பெருக்க, டீ போட்டு ஊற்ற, எல்லாவற்றுக்கும் ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். ஜெபத்துக்கு மட்டும் ஒரே ஆள். யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களா, டிரைவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நிற்பார். இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய கனத்த கைகள் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒருவரையும் விடாமல், ஒவ்வொருவர் கஷ்டத்தையும் தன் வீட்டுக் கஷ்டம் மாதிரி எடுத்து வைப்பார். கால் மணி நேரம் ஆகும், சில நாள் அரை மணிகூட ஆகும். வாலிபப் பிள்ளைகள் அவருக்கு 'லாங் ரூட்' என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். "லாங் ரூட் கிளம்பிடுச்சு, இனிமே நடுவுல யாரும் இறங்க முடியாது" என்று பின்வரிசையில் கிசுகிசுப்பார்கள். ஆனால் பரீட்சை நெருங்கினால் அவர்களும் அவர் முன்னால்தான் போய் நின்றார்கள்.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி இருப்பாள். சபையார் அவளைத் தையலக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தையலறையில் அவளுக்கு வேலை. நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஓரங்கள் நடுவே வரும்படி சேர்த்துத் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும். ஒரு நாளைக்கு அப்படி முப்பது விரிப்பு, அதற்கு மேல் நாடா அறுந்த ஆபரேஷன் அங்கிகள். தரைக்குக் கீழே இருந்த அறை அது. மிஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவளும் பேசுகிற ஜாதியில்லை. ஜெபத்தில் அவள் வேலை கடைசியில் ஆமென் சொல்வது மட்டும்தான். அவர் மூச்சு விடும் விதத்தை வைத்தே ஜெபம் முடியப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் போகிற நெரிசலில், மூன்று சாலை பிரியும் சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பினார். மற்றவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார்.

கண்டக்டர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தார்.  பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இடதுண்ணே... அப்படியே நேரா... இப்ப வலது" என்று பணிமனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பயணிகளில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அவரே டிரைவரின் சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று சொன்னார். "அண்ணி, அண்ணனை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

 அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செருப்பைத் துணி அலமாரியில் வைத்தது. மகள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டது. மிஷினுக்கு எண்ணெய் போடும் சின்ன டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பேருக்காகத் திணறியது. எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்று தள்ளி விட்டிருந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மூளை சுருங்கிட்டு வருதும்மா. மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. அம்பத்து மூணு வயசுதான் ஆகுது இவருக்கு. இந்த வயசுல வந்தா கொஞ்சம் வேகமாத்தான் போகும்."

டிரைவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "வண்டி எப்பலேருந்து எடுக்கலாம்?" என்றார். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல எழுந்து நின்றார். முதல் இரண்டு வாக்கியம் நன்றாகத்தான் வந்தது. மூன்றாவதாக, "உடம்பு சரியில்லாதவங்களை நினைச்சுக்கிறோம் ஆண்டவரே" என்றார். கொஞ்சம் நிறுத்தி அதையே மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. நான்காம் முறை அவர் குரல் உடைந்தபோது சிரிப்பும் நின்றுபோனது. அவர் கைகள் நாற்காலி முதுகைத் தடவித் தடவி எதையோ தேடின. அவள் சட்டென்று "ஆமென்" என்றாள். முடியாத ஜெபத்துக்கு அவள் சொன்ன முதல் ஆமென் அது. அவர் குழந்தைபோல உட்கார்ந்தார்.

அதோடு சபையின் ஜெபம் படுத்துவிட்டது. ஹார்டுவேர் கடை ஒன்றின் மாடியில் இருந்த அந்தக் கூடத்தில் புதன்கிழமை சாயங்காலம் இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அது ஆறானது, பிறகு நாலானது. "யாராவது ஜெபிக்கலாம்" என்று பாஸ்டர் சொன்னால் ஆளாளுக்குத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் முப்பது சொச்சம் வயதுக்காரர். சும்மா இருக்கிற சுபாவமில்லை. ஜெப மாதம் என்று ஒன்றை அறிவித்தார். இருபத்துநாலு மணி நேரத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆச்சரியம், இரண்டே வாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. மாதக் கடைசியில் அவர் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க, எத்தனை பேர் ஜெபிச்சீங்க?"

 கடைசியில் கணக்கு டீச்சர்தான் வாயைத் திறந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்லத் தெரியாதவர். "நான் உக்காந்தேன் பாஸ்டர். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. மீதி அம்பத்தெட்டு நிமிஷத்துக்கு என்ன பண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் தையலக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, புதன்கிழமையை நீங்க எடுத்து நடத்துங்க. அண்ணன்கூட இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. உங்களுக்கு வரும்."

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது பாஸ்டர். பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னது தவிர நான் ஒண்ணுமே கத்துக்கல. சமையக்காரரைக் கட்டிக்கிட்டவ அடுப்படிப் பக்கமே போகாத மாதிரிதான்."

அவள் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ஆண்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஊரார் கஷ்டத்தையெல்லாம் இத்தனை வருஷம் சுமந்து கொண்டுபோய் உன்னிடம் இறக்கினாரே, அவர் தலையிலா கை வைத்தாய் என்று ஒரு கேள்வி மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதைக் கேட்கவும் பயம், விழுங்கவும் முடியவில்லை.

வீட்டில் நாள்கள் அதைவிட மோசமாகப் போயின. டிரைவரைத் தனியாக விட முடியவில்லை. மகள் மருந்துக்கடையில் வேலை செய்தாள். காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். அக்கம்பக்கத்தில் பகலில் ஆளில்லை. இரண்டு முறை அவர் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். ஒரு முறை உள்சட்டையோடு தெருவில் இறங்கி, டியூட்டிக்கு நேரமாச்சு என்று ஓடினார். தையலறையில் லீவெல்லாம் தீர்ந்துபோனது. கடைசியில் அவள் ஒரு பூட்டு வாங்கினாள்.

காலை ஏழே முக்காலுக்குக் கேஸ் குழாயை மூடி, கத்திகளை ஒளித்து, மேஜையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்து, வெளியிலிருந்து பூட்டிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். முதல் நாள் படியிறங்கும்போது உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாருங்க வெளியில? கதவு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் திறந்து விடுங்களேன்!"

மரியாதையாகத்தான் கூப்பிட்டார், யாரோ முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதுபோல. அவள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். அன்று தைத்த விரிப்புகளில் நான்கு கோணிப்போய்விட்டன, பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. அவர் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கும், சாயங்காலம் அவள் மருந்து போடுவாள். "எங்க அடிபட்டுது?" என்று அவரே கேட்பார். மகள் ஒரு நாள் வெடித்தாள்.

"அப்பா என்னம்மா குத்தவாளியா? பூட்டி வைக்கிறியே!"

"நீ இருந்து பாத்துக்கறியா? வேலையை விடறியா? சொல்லு, பூட்டைத் தூக்கிப் போட்டுடறேன்."

மகள் மேஜை மேல் கிடந்த பூட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சண்டைக் குரல் இல்லாமல், "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணாரே, என்னம்மா மிச்சம்?" என்று கேட்டாள்.  மகள் சபைக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

புதன்கிழமைகளில் மட்டும் தையலக்கா அவரையும் கூட்டிக்கொண்டு மாடிக் கூடத்துக்குப் போனாள். பக்தியால் அல்ல. அந்த ஒரு மணி நேரம் கூட நாலு மனிதர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். ஒரு புதன்கிழமை ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவளும் டிரைவரும், பாஸ்டர், கணக்கு டீச்சர், பிறகு பெயின்டர். பெயின்டர் நாற்பது வயதுத் தனிக்கட்டை. நகத்தில் எப்போதும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். பத்து வருஷமாகக் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறவர். ஊமை என்றே சிலர் நினைத்திருந்தார்கள்.

"ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லலாம்" என்றார் பாஸ்டர்.

டீச்சர் தன் மூட்டுவலியைச் சொன்னார். பாஸ்டர் கூடத்தின் ஒழுகும் கூரையைச் சொன்னார். அந்த அமைதியில் டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்து, "இது எந்த ஸ்டாப்புங்க?" என்றார்.

அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"நான் இவரை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போறேன்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தினமும் பூட்டறேன். கதவைத் தட்டறார், காதுல வாங்காம போறேன். முந்தாநாள் வீட்டுக்கு வந்தப்ப உள்ள சத்தமே இல்ல. செத்துட்டாரோன்னு நினைச்சேன். நினைச்சப்ப எனக்கு... நிம்மதியா இருந்துச்சு. உள்ள போய்ப் பாத்தா தூங்கிட்டிருக்கார். எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. கேட்டீங்களா? ஏமாத்தமா இருந்துச்சு. இதுக்கு யாராவது ஜெபம் பண்ணுங்க. எனக்கு வராது."

பாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டிரைவரிடம் சொல்லியிருந்தால் கால் மணி நேரம் அழகாக ஜெபித்திருப்பார். ஆனால் டிரைவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

கடைசி நாற்காலி கிறீச்சிட்டது. பெயின்டர் எழுந்து நின்றிருந்தார். முகம் வெளிறிப்போய், சாரத்திலிருந்து கீழே பார்ப்பவர் மாதிரி இருந்தார்.

"ஆண்டவரே" என்றார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "இந்த அக்காவுக்கு என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஏதாவது பண்ணுங்க. தயவு பண்ணி ஏதாவது பண்ணுங்க."

உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூடத்தில் அவ்வளவு சின்ன ஜெபத்தை யாரும் கேட்டதில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எனக்கும் ஆண்டவரே, என் மகன் என்கூடப் பேசி ஆறு வருஷமாச்சு, இவங்ககிட்டல்லாம் மூட்டுவலின்னு சொல்லிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இது ஜெபமா பேச்சா என்று தெரியாமல் விழித்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நடந்தது நேர்மாறு. பாஸ்டர் தன் மனைவியிடம் வருத்தத்தோடு சொன்னது, மனைவி தோழியிடம் இன்னும் வருத்தத்தோடு சொன்னது என்று விஷயம் வெளியே கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு சட்டென்று நின்றது, பார்வை மட்டும் தொடர்ந்தது. கை கழுவுமிடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதிலேயே விழுந்தது: "கட்டின புருஷனைப் பூட்டி வைக்க எப்படி மனசு வருது?" அவமானத்தில் அவள் கூனிக்குறுகிப் போனாள். ஆராதனை முடியுமுன் அவரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி அந்த மாடிப்படியை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"சாவியைக் குடு."

"எதுக்கு டீச்சர்?"

"உள்ள உக்காரத்தான். வீட்டுல நான் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இங்க வந்து உன் வீட்டுச் சுவரைப் பாக்கறேன். போ, உனக்கு நேரமாகுது."

திங்கள் டீச்சர் இருந்தார். செவ்வாய் பெயின்டர் வந்தார், அன்று தனக்கு வேலையில்லை என்று சொன்னார். அது பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் பாஸ்டர் வந்தார், தன் மனைவி வாய்க்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முற்பகல் முழுக்க டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். கை கழுவுமிடத்தில் பேசிய இருவரில் ஒருத்தியும் வியாழக்கிழமை வந்து நின்றாள். அழுக்குத் துணியையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் யாருக்கும் அந்த மனிதரோடு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்டதையே கேட்பார், கோபப்படுவார், அழுவார். வேறு வழியில்லாமல்தான் அவர்கள் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் வந்ததைச் சத்தமாகச் சொன்னார். குரல் ஜெபத்தின் தொனிக்கு மாறியதும் அவர் அடங்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அம்பத்தெட்டு நிமிஷத்துக்கு என்ன செய்வது என்று கேட்ட டீச்சர், மத்தியானம் வரைக்கும் ஜெபித்துத் தொண்டை கட்டி வீட்டுக்குப் போனார். புதன்கிழமை கூடத்திலும் அதே பேச்சு வந்தது. எனக்கு இப்படி ஆச்சு, என்னால முடியல, கேட்டுப் பாருங்க என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லத் தொடங்கினார்கள். எட்டுப் பேர் வந்தார்கள், பிறகு பதினொன்று.

தையலக்காவும் வந்தாள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில், தையலறைக்கு போன் வந்தது. மிஷின் சத்தத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பெயின்டர் கத்தினார்: "அக்கா, அண்ணனைக் காணோம். கண்ணசந்துட்டேன் அக்கா. அஞ்சு நிமிஷம். கதவு திறந்து கிடக்கு."

 தைத்துக்கொண்டிருந்த விரிப்பு ஊசியிலேயே இருக்க, அவள் அப்படியே எழுந்து ஓடினாள்.

அரை மணிக்குள் சபையில் பாதிப் பேர் தெருவில் இருந்தார்கள். பணிமனை, பழைய பேருந்துத் தடம், சந்தை, ரயில் நிலையம் என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி விசாரித்தார். பாஸ்டர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே ஜெபித்தார். சிக்னலில் நின்றவர்கள் அவர் யாரோடு பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகளோடு ஆற்றுப்பாலம் வரைக்கும் ஓடினாள். மகள் வாயில் ஒன்றே ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: "ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்." யாரிடம் கேட்கிறாள் என்று தாய் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலிருந்தே தகவல் வந்தது. புறவழிச்சாலையைக் கடக்கும்போது வேன் ஒன்று அவரை இடித்துத் தள்ளியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எலும்பைச் சேர்த்து வைத்தார்கள். ஆனால் படுத்த இடத்திலேயே நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நாள்களைத்தான் எண்ண வேண்டும் என்றார்.

சபையார் சாயங்காலம்தோறும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சரளமாக ஜெபிக்க அவர்களில் ஒருவருக்கும் வராது. ஒருவர் ஒரு வரி, இன்னொருவர் பாதி வரி. பிழைக்க வைங்க என்று கேட்டார்கள். வலி வேண்டாம் என்று கேட்டார்கள். அவர் மூச்சு மட்டும் ரம்பம் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. பெயின்டர் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அவள் பெயின்டரின் அறையைத் தேடிப் போனாள். டப்பாக்களும் ஏணியும் அடைத்த ஒற்றை அறை. பெயின்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி மண்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அடிக்க வந்திருந்தா அடிச்சிடுங்கக்கா."

"வழியெல்லாம் அப்படித்தான் நினைச்சுட்டு வந்தேன். எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. பொய் சொல்லமாட்டேன், அது போகல. போகுமான்னும் தெரியல."

அவர் தலை குனிந்தார்.

"ஆனா நீங்க தூங்கினது களைப்புல. நான் அவர் செத்தா தேவலைன்னு முழிச்சிட்டிருந்தே நினைச்சவ. அதை உங்க காதாலதான் கேட்டீங்களே. அன்னைக்கு எந்திரிச்சு நின்னது நீங்க ஒருத்தர்தான். இப்ப நீங்க வராம ஓடி ஒளிஞ்சா நான் எங்க போவேன்? சட்டையைப் போடுங்க."

"வந்து என்ன அக்கா கேக்கறது?"

"எனக்கு மட்டும் தெரியுமா? வாங்க."

இருவரும் பேருந்தில் வந்தார்கள்.  கட்டிலருகே பெயின்டர் டிரைவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து "மன்னிச்சிடுங்க" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதை யாரிடம் சொன்னார் என்று சொல்வதும் கஷ்டம். டிரைவர் கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாரையும் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. மகள் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடிந்து, வார்டில் காலை டீ கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூச்சு நின்றுபோனது. அவர் மேல் கிடந்த விரிப்பு நடுவில் சேர்த்துத் தைத்தது. தன் கைத் தையல்தானா என்று அவள் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை.

அடக்கம் முடிந்த இரண்டாவது புதன்கிழமை அவள் மாடிப்படி ஏறினாள். பதினாறு பேர் இருந்தார்கள். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள், முன்வரிசை பின்வரிசை என்று எதுவும் இல்லை. பாஸ்டர் "யார் ஜெபிக்கிறீங்க" என்று கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் தன் தங்கையைப் பற்றி ஆரம்பித்தாள், பாதியில் அழுதாள், பக்கத்தில் இருந்தவர் மீதியைத் தொடர்ந்தார். அது முடிந்து நீண்ட அமைதி. அந்த அமைதியில் இப்போது யாரும் கால் விரலைப் பார்க்கவில்லை, காத்திருந்தார்கள்.

தையலக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். 

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கு" என்றாள். "அவர் போனது நான் நினைச்சதாலயான்னு தெரியல. வீட்டுக்குப் போனா கதவைத் தட்ட ஆளில்ல. என்னால தாங்க முடியல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

யாரும் அவளைத் திருத்தவில்லை. ஆறுதல் வசனம் எடுத்து நீட்டவுமில்லை. எதிர் நாற்காலியிலிருந்து பெயின்டர், "அவங்க சொன்னதுதான் ஆண்டவரே, எனக்கும்" என்றார். அடுத்தவர் தொடங்கினார். வட்டம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டாள்.

மகள் சபைக்கு இன்னும் வருவதில்லை. புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஹார்டுவேர் கடை வாசலில் வந்து நின்று தாயைக் கூட்டிப் போகிறாள். சில வாரம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறாள். வந்தால் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். மேலே கதவு திறந்தேதான் இருக்கிறது.